மலைமண் அறிக்கையைத் திரும்பப் பெற்ற மாண்புக்கு

மண்ணை விரலில் உருட்டியே அது பிறந்த ஊரைச் சொல்லும் மாண்புடையீர்! சல்லடை பிடித்த கையால் எங்கள் சங்கடங்களையும் சலித்தெடுத்த சான்றோரே! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அத்தனை இரைச்சலுக்கும் நடுவே இந்த ஆய்வுக்கூடத்தை அன்பகமாக்கிய அன்னையே! எங்கள் முதுநிலை மண் பகுப்பாய்வாளர், பெருமைமிகு லோகநாயகி அம்மையீர்! பணிநிறைவு பெறும் தங்கள் பாதங்களில், பிரிய மனமில்லாப் பிள்ளைகளாய், இம்மடலைப் படைக்கின்றோம்.

முப்பத்தோராண்டுகள்! ஏரியை மூடி வீடு கட்ட வந்தவர்களின் களிமண், காட்டுப்பாக்கத்து மாடித்தோட்டங்களின் தொட்டிமண், வேலப்பன்சாவடிக் கல்லூரிகளின் விளையாட்டுத்திடல் மண் என எத்தனை மண் தங்கள் மேசைக்கு வந்தது! மழைநீர் முழங்கால்வரை நின்ற நாளிலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் மண் மாதிரிக்குப் பக்கத்தில் தயிர்சாதம் வைத்தவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டீர்கள். அதில் அடிவாங்காதவர் எங்களில் எவருமில்லை.

இப்படியே நான்கு பத்தி நீட்டி, வாழ்க வளமுடன் என்று முடித்திருக்கலாம். ஆனால், பேருந்து நிலையத்தருகே மடல்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர், "எல்லா மடலும் ஒண்ணாத்தான் சார் கீது, பேரு மட்டும்தான் மாறுது" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு ரோசம் வந்துவிட்டது. ஆகவே தாங்கள் சரியாகச் செய்த ஆயிரத்தை விட்டுவிட்டு, தவறாகப் போன ஒன்றைப் பாராட்டப் போகிறோம். முகம் சுளிக்க வேண்டாம், அம்மையீர். சற்று நேரம் தங்களைப் படர்க்கையில் நிறுத்திவிட்டு, அவையோரிடம் அந்தக் கதையைச் சொல்கிறோம்.

அவையீர்! மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து உங்கள் மூக்கைத் துளைக்கிறதே ஒரு வாசனை, அதற்கும் இக்கதையில் பதில் இருக்கிறது.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு, கோடை முடியும் நேரம். ஆவடிக் குடியிருப்பிலிருந்து கண்ணம்மா என்பவர் ஒரு கோணியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கணவர் உத்தமன் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஜவ்வாது மலையில் அவருக்குக் கொஞ்சம் சரிவுநிலம் உண்டு. கல்யாணமாகிப் போன முதல் கோடையில் கண்ணம்மா அங்கே ஊன்றிய பலாக்கொட்டைகள் இன்று காய்த்துக் குலுங்கும் மரங்கள். அவற்றை எடுத்துவிட்டு உழுது பீன்ஸ் போடலாம் என்பது உத்தமனின் ஆசை. அது நடக்கக்கூடாது என்பது கண்ணம்மாவின் பிடிவாதம். வீட்டில் சண்டை முற்றிப்போய், கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். உழவுக்கு ஆகும் என்று மண் பரிசோதனை சொன்னால் மரத்தை எடுப்பது, ஆகாது என்றால் விட்டுவிடுவது.

அறிக்கை, ஆகும் என்று சொல்லிற்று. கல் இல்லை, அமிலத்தன்மை இல்லை, சாம்பல்சத்து ஏராளம். கீழே லோகநாயகி அம்மாவின் கையெழுத்து. அன்று மேசையில் மலைபோல் வேலை. விரலில் உருட்டிப் பார்க்காமல் அவர் கையெழுத்திட்ட அறிக்கை அது ஒன்றுதான்.

சில நாள் கழித்துக் கண்ணம்மா மறுபடி வந்தார்.

"மேடம், அந்தக் கோணிய மட்டும் குடுத்துடுங்க. அவரு மலைக்குப் போயிட்டாரு. நாளைக்கு மரத்தை எடுக்கறாங்க. இருக்கற காயையாவது அதுல அள்ளியாரணும்."

அம்மாவுக்கு என்னவோ போலாயிற்று. மீதி மண்ணைத் தாளில் கொட்டிவிட்டுக் கோணியைத் தரலாமென்று கவிழ்த்தார். கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுத்த மண்ணோடு பாதிக்குப் பாதி கல் உருண்டது. முனை மழுங்காத, அப்ரகம், அதாவது காக்காப்பொன், மினுமினுக்கும் கல். ஒன்றை எடுத்து இரு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினார். ரஸ்க் மாதிரி பொடிந்தது.

மாதிரிகளை இடித்துச் சலிக்கும் எங்கள் துலுக்கானத்தைக் கூப்பிட்டார். "துலுக்கானம்! இதுல இருந்த கல்லை இன்னா பண்ணே?"

"இடிச்சிட்டேன்க்கா!" என்றார் துலுக்கானம், பெருமையாக. "ஒரு கட்டி உடலியே. நம்ம ஏரி மண்ணைவிட ஈசியா ஒடஞ்சிச்சு. சல்லடையில ஒரு பருக்கை நிக்கல, பாத்துக்கோ!"

துலுக்கானத்தைக் குறை சொல்ல வாயில்லை. நம் பக்கத்துக் களிமண் காய்ந்தால் செங்கல்லாகிவிடும். அதை மரச்சுத்தியால் மாங்குமாங்கென்று இடித்துத்தான் சலிக்க வேண்டும். அந்த மேசையில் அவர் கைக்கு ஈடே கிடையாது. ஆனால் இது மலைக்காட்டு மண். மேலே இலைச்சருகு, அதன்கீழ் நாலு விரல் கனத்துக்கு மக்கிய கறுப்பு, அப்புறம் செம்பழுப்பு, அதற்கும் கீழே வெயிலும் மழையும் வேரும் அரித்து அரைகுறையாக நைந்த பாறை. அந்த நைந்த பாறையையும் நாம் இடித்து மாவாக்கிவிட்டோம். கல் என்ற கணக்கே காணாமல் போயிற்று. புதிதாய் அரைபட்ட பாறைமாவு மண்ணின் அமிலத்தை மறைத்தது, தனக்குள் பூட்டிவைத்திருந்த சத்தையும் பயிருக்கு இப்போதே கிடைக்கும் சத்துபோலக் காட்டிவிட்டது. உண்மையில் அந்தச் சரிவில் சத்தென்று இருந்தது அந்த நாலு விரல் கறுப்பு மட்டுமே. அதுவும் மரங்கள் உதிர்த்த இலையால் வந்தது. மரத்தை எடுத்து உழுதால் இரண்டு மழையில் கரைந்து ஓடிவிடும்.

உத்தமனின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அம்மா நேரே மேலாளரின் அறைக்குப் போனார். மேடையில் வீற்றிருக்கும் திரு. தினகரன் அவர்கள் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

"குடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கறதா? நம்ம லேப்ல அப்படி நடந்ததே இல்லம்மா. அதுவும் உங்க கையெழுத்து. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு உங்களுக்கு இந்தக் கெட்ட பேரு?"

"என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது சார். மரம் போனா இன்னொண்ணு நடலாம். அந்த மண்ணு போனா யாரு செஞ்சு குடுப்பா?"

வாசலில் நின்ற துலுக்கானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மேல போட்டுடுக்கா" என்றார்.

"நீ சும்மா கெட. இது வேற மண்ணுன்னு உனுக்கு யாரு சொன்னா? சொல்ல வேண்டியவ நான்."

அன்று மாலையே மேலாளர் தம் கையாலேயே அறிக்கையில் ரத்து முத்திரை குத்தினார். மறுநாள் விடியலில் அம்மாவும் கண்ணம்மாவும் பூந்தமல்லியில் பேருந்து ஏறினார்கள். வேலூரில் மாறி, மலைப்பாதையின் வளைவுகளில் அம்மா இருமுறை வாந்தி எடுத்து, உச்சி வெயிலில் போய் இறங்கினார்கள். ஒரு மரம் அதற்குள் விழுந்திருந்தது. இயந்திரம் வேரோடு பெயர்த்துப் போட்டிருந்தது. அடுத்த மரத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. கண்ணம்மா ஓடிப்போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உத்தமனுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே! "அன்னிக்கு நல்ல மண்ணுன்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கு இல்லன்றீங்க. எதைத்தாங்க நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க. இந்தப் பள்ளத்துல எறங்கி நீங்களே கைய வெச்சுப் பாருங்க," என்றார் அம்மா. சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, மரம் பெயர்ந்த பள்ளத்தில் முதலில் தானே இறங்கினார்.

உத்தமனும் இறங்கினார். பள்ளத்தின் பக்கச்சுவரில் சருகு, கறுப்பு, செம்பழுப்பு, நைந்த பாறை எல்லாம் அடுக்கடுக்காய்த் தெரிந்தன. அறுந்த வேர்கள் அத்தனையும் அந்தக் கறுப்பிலேயே பின்னிக் கிடந்தன. அவர் கீழிருந்து ஒரு கல்லைப் பிடுங்கி அழுத்தினார். கையிலேயே பொடிந்தது.

"இது கல்லும் இல்லைங்க, மண்ணும் இல்ல," என்றார் அம்மா. "மண்ணாயிக்கினு கீது. நம்ம காலத்துல முடியற வேலை இல்ல. நாங்க அவசரப்பட்டு இடிச்சு, முடிஞ்சிட்டதுன்னு எழுதிட்டோம். தப்பு எங்களுது. கையெழுத்து என்னுது. மன்னிச்சிடுங்க."

உத்தமன் கையிலிருந்த பொடியைப் பள்ளத்திலேயே உதிர்த்தார். பிறகு மேலே ஏறி வந்து, மனைவியின் கையிலிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்தார். இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

லோகநாயகி அம்மையீர்! கதை முடிந்தது, மறுபடியும் தங்களிடமே வருகிறோம். பிழையே செய்யாதவரைப் போற்ற எங்களுக்குச் சொற்கள் தேவையில்லை; பிழையைத் தேடிப் பேருந்தேறிப் போனவரைப் போற்றத்தான் தமிழ் போதவில்லை. இம்மடலைத் தங்கள் இல்லத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரத்து முத்திரை குத்திய அந்த அறிக்கையைத் தருவதற்கில்லை. அதைச் சட்டமிட்டு, மண் இடிக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். சுத்தியைத் தொடுமுன் அதைப் பார்த்து, மண்ணில் ஒருமுறை விரல் வைத்த பிறகே துலுக்கானம் இடிக்கிறார். இனி வருபவரும் அப்படியே செய்வார்.

ஓய்வில் உடல்நலம் ஓங்குக! முழங்கால் வலி முற்றும் விலகுக! சருகு விழ விழச் சரிவு செழிப்பதுபோல், நாள் சேரச் சேரத் தங்கள் வாழ்வில் நிறைவு சேர்க!

அவையோரின் மூக்குக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் பாக்கி. கண்ணம்மாவும் உத்தமனும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலடியில் இருப்பது, அன்று கயிறு கட்டியிருந்த மரத்தின் பழம். கண்ணம்மா கத்திக்கு எண்ணெய் தடவிவிட்டார். முதல் சுளை தங்களுக்கு, அம்மையீர்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
அம்பத்தூர்.