விதைக்கு முந்தின ராத்திரி

இல்ல தம்பி, ஆபரேஷன் வலிக்கல. நீங்க அதுக்குப் பயப்படாதீங்க. மயக்க மருந்து குடுத்துருவாங்க, முழிச்சுப் பாத்தா வயித்துல தையல், கட்டில் ஓரமா ஒரு பை, பைக்குள்ள மூத்திரம். அம்புட்டுத்தான். மூத்திரப்பைக்கு அடியில இருந்த புத்துநோய்க் கட்டியைச் சுத்தமா எடுத்தாச்சு, ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லன்னு போன தடவையே சொல்லிட்டாங்க. உங்களுக்கும் எடுத்துருவாங்க. நல்லா சாப்பிடுவீங்க, லாரி ஓட்டுவீங்க.

நான் நடுங்குறது அதுக்கு இல்ல.

ஆமா, நடுங்குது. பாருங்க இந்தக் கையை. காலமெல்லாம் சைக்கிள் ரிப்பேர் பாத்த கை. ஊகுஞ்சா சந்தையில வந்து ராபுரு கடை எங்கன்னு கேளுங்க, சின்னப் புள்ளகூடக் காட்டும். கண்ணை மூடிக்கிட்டு வால்டியூப் மாட்டுவேன். இப்ப டீ கிளாஸ் புடிச்சா பாதி தரைக்குப் போகுது.

எப்படிச் சொல்றது. நீங்களும் அதே கத்திக்குத்தானே போறீங்க, சொன்னா தப்பில்ல. கட்டியை எடுக்கும்போது பக்கத்துல ஓடுற நரம்பும் அடிபட்டுரும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, சில பேருக்குத் திரும்பி வருமாம். எனக்கு வரல. போன அறுவடை சமயத்துல அறுத்தது, இன்னிக்கு வரைக்கும் கீழ ஒண்ணும் எந்திரிக்கல. மூத்திரம் மட்டும் போகுது, அதுவும் இருமுனா தானாப் போகுது. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சிருக்கேன்.

வயசாச்சு, இனி எதுக்குன்னு நினைக்கிறீங்க. முகத்துலயே தெரியுது. நீங்க கம்பா இனத்து ஆளு, உங்க பக்கம் எப்படியோ. நாங்க லுவோ இனம். எங்க பக்கம் மழை விழுந்ததும் யார் வேணும்னாலும் காட்டுல இறங்கிற முடியாது. முதல் விதை போடுறதுக்கு முந்தின ராத்திரி வீட்டுப் பெரியவன் பொண்டாட்டியோட சேரணும். விடிஞ்சதும் அவ போயி முதல் விதையைப் போடுவா. அதுக்கப்புறந்தான் மூத்த மகன், அவன் பொண்டாட்டி. அப்புறம் அடுத்தவன். அப்படி வரிசையா. வரிசை தப்புனா சிராங்கிற சாபம் புடிக்கும்பாங்க, ஆளு உருகி உருகிக் குச்சியாப் போயிருவான், எந்த மருந்தும் கேக்காது.

ஏன், மகன் முன்னால போட்டா என்னவா? அப்பன் செத்தாத்தான் தம்பி மகன் முன்னால போடுவான்.

அதான் சங்கதி.

சபைக்காரங்க இதெல்லாம் இருட்டும்பாங்க. ஜெபம் பண்ணிட்டு விதைங்கன்னு பாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னாரு. நானும் தலையை ஆட்டுனேன். ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் தலை ஆடும். மழை விழுந்து மண்ணு வாசனை வந்தப்புறம் ஆடாது.

மழை வந்துச்சு. பக்கத்துக் காட்டுல எல்லாம் மக்காச்சோளம் முளைச்சிருச்சு. என் தம்பி பொண்டாட்டி இருக்காளே, வாயி அரிவாளு. தண்ணிக் குடத்தோட நின்னு கேக்குறா, என்ன மச்சான், உங்க காட்டுல மட்டும் மழை பெய்யலையான்னு. மேகம் உங்க வீட்டு ஆளுகளை மறந்துருச்சான்னு. நான் மாடு இன்னும் பழகலன்னு சொன்னேன். மாடு ரெண்டும் என்னைப் பாக்குது. அதுகளுக்கே வெக்கமாப் போச்சு.

மூத்தவன் ஒலுவோச் இருக்கானே, காலைல ஏரை எடுத்துக் கொழுவைத் தொடைப்பான், திரும்பச் சாத்தி வைப்பான். மறுநாளும் தொடைப்பான். கொழு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. அவனுக்கும் புள்ளைங்க இருக்கு, சாப்பிடணும்.

அதுக்கப்புறந்தான் இந்தக் கீசுமு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா என் கடைசி மக வயசு. நான் தரையைப் பாத்துக்கிட்டே சொல்றேன், அது கூசாம பேசுது. மாத்திரை இருக்கு, ஆனா நான் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவன், ரெண்டும் சேந்தா பிரஷர் படக்குன்னு இறங்கி ஆளே போயிருவேனாம். சரி, அது இல்ல. அப்புறம் ஒரு பம்பு காட்டுச்சு. எனக்குப் பம்பு தெரியாதா? ஆனா இது காத்தை அடிக்கிறதில்ல தம்பி, உறிஞ்சுறது. கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டு உறிஞ்சி, அடியில ஒரு ரப்பர் வளையத்தைப் போடணும். வளையத்தைப் பாத்ததுமே எனக்குக் கடை ஞாபகம் வந்துருச்சு. பஞ்சர் ஆன டியூபா நானுன்னு ஆயிருச்சு மனசு. இல்லன்னா நைரோபி போயி உள்ளுக்குள்ளயே குழாய் வச்சுத் தைக்கணுமாம். இன்னொரு தடவை கத்தியா? வேணாம்னுட்டேன்.

மிச்சம் ஊசி. அங்கயேதான். வேற எங்க? பக்கவாட்டுல, சின்ன ஊசி. நீங்க ஏன் காலை ஒடுக்குறீங்க, உங்களுக்கா போடுறாங்க?

இன்னிக்கு ஒண்ணு இங்கயே போட்டுப் பாப்பாங்களாம், எவ்வளவு மருந்து தாங்கும்னு. நாலு மணி நேரம் ஆகியும் இறங்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணுமாம். ஊகுஞ்சாவுலேருந்து மட்டாத்து வண்டியில, ஒரு சீட்டுக்கு அஞ்சு பேரு, மடியில யாரோ ஒருத்தரோட கோழி. நான் எப்படிம்மா வருவேன்னு கேட்டேன். அதுவும் சிரிச்சிருச்சு. அப்புறம் சொல்லுச்சு, பெரியவரே, கட்டாயம் ஒண்ணுமில்ல, இது இல்லாமயும் வாழலாம், வெளிய உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்கன்னு.

யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அரை மணி நேரமா உங்க காதுதான் வலிக்குது.

வீட்டுக்காரி உள்ள இருக்கா. அலெகோ பக்கத்துல பொண்ணு கட்டுனேன், அதனால நியார் அலெகோ, அலெகோ மகன்னு இல்ல, மகள்னுதான் கூப்பிடுறது. ஃபில்கோனான்னு பேரைச் சொன்னா நான் கோவமா இருக்கேன்னு அர்த்தம். என் கை இந்த ஆட்டம் ஆடுதே, நானே எப்படிக் குத்திக்கிறது? அவதான் குத்தணும். நர்சு ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் குடுத்து, தண்ணி ஊசியைக் குத்திப் பழகச் சொல்லியிருக்கா. கதவு இடுக்குல பாத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒமேனாப் பொடி மீன்ல கல்லு பொறுக்குற மாதிரி உக்காந்திருக்கா.

ஆபரேஷனுக்கு அப்புறம் நான் பேண்ட்டோடதான் படுக்குறேன். அவ கை தெரியாம பட்டாக்கூடத் தூங்குற மாதிரி கிடப்பேன். அவளும் தூங்குற மாதிரி கிடப்பா. ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுத் தூங்குவோம். கட்டி இருந்தப்பகூட எனக்கு இப்படிப் பயம் இல்ல தம்பி. அப்ப சாவு எங்கயோ வெளிய நின்னுச்சு.

என்ன கேட்டீங்க? விதைப்பு எப்பன்னா?

அது போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சு.

யாரும் சொல்லல. நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சாப்பிட உக்காந்தோம், ஒலுவோச் கை கழுவ வந்தான், நான்தான் செம்புல தண்ணி ஊத்துனேன். நகக்கண்ணுல கறுப்பு மண்ணு. ஊத்திக்கிட்டே நிமுந்து பாக்குறேன், அடுப்புக்கு மேல தொங்குன விதைக் கதிரு இல்ல. அதை எடுத்துக் குடுக்க வீட்டுல ஒருத்திதான் உண்டு. அவ கூவோன் களியைப் பிட்டு என் தட்டுல பெரிய துண்டா வச்சா. ஒலுவோச் என் முகத்தைப் பாக்கல. நானும் தண்ணி போதுமாடான்னு மட்டும் கேட்டேன்.

என் மானத்தைக் காப்பாத்தத்தான் செஞ்சாங்க. எனக்குத் தெரியாதா? கோவம் இல்ல. ஆனா சந்தையிலேருந்து நடந்து வந்தவன் ஒருத்தன், வீட்டுக்குள்ள வந்து உக்காந்தவன் வேற ஒருத்தன். அன்னிலேருந்து கை இப்படித்தான் ஆடுது.

அப்ப ஊசி எதுக்குன்னு கேக்குறீங்க. சரிதான். இனி விதைக்கு ஒண்ணும் வேண்டியதில்ல.

எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது தம்பி. அவளைப் பொறுத்தவரைக்கும் விதை மண்ணுக்குள்ள போயாச்சு, வேலை முடிஞ்சுது. இன்னிக்குக் காலைல நான் கீசுமு போறேன், ஊசி பத்திக் கேக்கப் போறேன்னு சொன்னா, இனி எதுக்கு, பேசாம இருங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லுவான்னுதான் நினைச்சேன். அவ போயிச் சபைக்குப் போடுற நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்குறா.

அதைத்தான் யோசிக்கிறேன். விதைக்கு இல்லன்னா, அவ எதுக்கு அந்தப் பழத்தைக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கா?

ம்? ஆமா, ராபுருன்னுதான் கூப்பிட்டாங்க. என்னைத்தான். கொஞ்சம் கை குடுங்க தம்பி, எந்திரிச்சு உள்ள போகணும்.