பிசின் ஒட்டாத கை

— முடியாதுன்னா முடியாதுதான்டி குருவி. புது ஹாலை நான் திறந்து வைக்கல. கிளப்புல வேற ஆளா இல்ல?

— அம்மாடி! பழைய ஹாலுக்குள்ள கால் வெச்சதும் ஆரம்பிச்சுட்டியா? அத்தனை வருஷம் கோல் காத்தவ நீ. உன் சொந்தப் பேரு உன் மாமியாருக்கே மறந்துபோச்சு, 'கதவு'ன்னாதான் ஊருக்கே தெரியும். நீ திறக்காம யாரு திறப்பா?

— கதவுக்கு அடைக்கத்தான் தெரியும். சரி விடு. கொஞ்ச நேரம் இந்த பெஞ்சுல உக்காரு. ஜன்னல் வெளிச்சத்தைப் பாரேன். தூசி எவ்வளவு நிதானமா மிதக்குது.

— இந்த வெளிச்சம் எனக்குக் கனவுல வரும்டி. இடது ஓரத்துலேருந்து ஓடி வந்து எகிறுவேன். எகிறினா இறங்கவே மாட்டேன். அப்படியே மேல நீந்திக்கிட்டே இருப்பேன். கீழேருந்து நீ, 'குருவி, சாப்பாடு ஆறுது, இறங்கு'ன்னு கத்துவ.

— என் கனவுல பந்து வரும். கிட்ட வர வர மெதுவாயிடும், சோப்பு நுரை மாதிரி. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே நிப்பேன். வந்து சேராது.

— சோப்பு ஃபாக்டரிப் பொண்ணு கனவுல வேற என்ன வரும்?

— ஏங்கம்மா, வந்துட்டீங்களா? நான் கொத்தனாருங்க. கிளப்புல சொன்னாங்க, நீங்க ரெண்டு பேரும் வந்து காட்டுவீங்கன்னு. நாளைக்கு இந்தக் கட்டடம் தரைமட்டம். அதுக்குள்ள மைதானத்துக்குப் போற நடைச் சுவத்துல ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு அறுத்து, புது ஹாலுக்கு அனுப்பணும். ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு கேக்காதீங்க. எதுன்னு சொன்னா கோடு போட்டுக்குவேன்.

— இதோ எழுந்துட்டோம் கொத்தனாரே. வாடி, அந்த நடைக்குப் போவோம்.

— நமக்கென்னங்க, அறுக்கச் சொன்னா அறுக்கப் போறேன். ஆனா கேக்காம இருக்க முடியல. இந்த நடை பூரா கறுப்பு கறுப்பா கை அச்சா இருக்கே, என்னம்மா இது? ராத்திரியில பாத்தா பயந்துடுவேன்.

— அம்மாடி, பயப்படாதீங்க! எல்லாம் எங்க பொண்ணுங்க கைதான். ஹேண்ட்பால்ல பந்து வழுக்கக் கூடாதுன்னு கையில பிசின் தடவிப்போம். மேட்சுக்குப் போறப்ப இந்தச் சுவத்துல ஒரு அடி அடிச்சுட்டுப் போவோம். அந்தப் பிசின்ல தூசி ஒட்டி ஒட்டி, வருஷம் போகப் போகக் கை தெரிய ஆரம்பிச்சுது. அடிச்சப்ப ஒண்ணும் தெரியல.

— அப்ப கையைக் கழுவுறது?

— அதை ஏன் கேக்குறீங்க? வேலை செய்யிறது சோப்பு ஃபாக்டரியில, பிசின் போறது மட்டும் எண்ணெய்க்கு! எங்க பெரியக்கா கல்யாணத்துல மோதிரம் போட்ட மாப்பிள்ளை கை ஒட்டிக்கிச்சு. 'இனிமே நீங்களே விட நினைச்சாலும் முடியாது'ன்னாளே, பந்தலே சிரிச்சுது.

— பெரியக்கான்னா கூடப் பொறந்தவங்களா?

— எங்க கேப்டன். பேக்கிங் செக்‌ஷன். ஃபாக்டரி முற்றத்துல ரெண்டு பெட்டியை நிறுத்தி, இதுதான் கோல்னு சொன்னவ அவதான். அங்க ஆரம்பிச்சதுதான் சம்பளம் வாங்கி விளையாடுற கிளப்பா ஆச்சு. போன வருஷம் போய்ச் சேந்துட்டா. இதோ, வாசல் பக்கம் பாருங்க, சுண்டுவிரல் கோணலா இருக்குல்ல? அவ கைதான். கதவு, இதையே எடுக்கச் சொல்லிடலாமா?

— சொல்லு. அதுதான் நியாயம்.

— மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல.

— உன் 'ஒண்ணுமில்ல'வை எனக்குத் தெரியாதா? சொல்லித் தொலை.

— இந்தச் சுவத்துல எல்லாரும் இருக்கீங்க. நேத்து சேந்த பொண்ணு கூட இருக்கா. நான் இருக்கேனா? பந்தைத் தடுக்குறவளுக்குப் பிசின் எதுக்குன்னு நான் தொட்டதே இல்ல. கப் ஜெயிச்ச அன்னைக்கு எடுத்த போட்டோ ஞாபகம் இருக்கா? நீங்க ஆறு பேரும் அந்தக் கடைசியில ஒருத்திமேல ஒருத்தி விழுந்து கிடக்குறீங்க. நான் இந்தக் கடைசியில என் கோலுக்குள்ள நிக்குறேன். போட்டோவுக்குள்ளயே வரல. இப்படி எங்கேயுமே இல்லாதவ போய் எதைடி திறக்குறது? வெக்கமா இருக்கு. அழுகையும் வருது.

— அடிப்பாவி. இத்தனை நாளா இதை மனசுல வெச்சுக்கிட்டா சிரிச்சுக்கிட்டு இருந்த?

— சரி விடு. எனக்கு இந்த நடையில சத்தம் மட்டும் போதும்.

— என்ன சத்தம்?

— மறந்துட்டியா? முதல் மேட்சு அன்னைக்கு முட்டி ரெண்டும் கடகடன்னு ஆடுச்சு. விழுந்துடக் கூடாதேன்னு சுவத்துல சாஞ்சு, கண்ணை மூடி, கோல்ல நிக்கிற மாதிரியே கையைக் காலை விரிச்சுட்டேன். பெரியக்கா வந்து என் காதுக்குப் பக்கத்துச் சுவத்துல பட்டுனு ஒரு அடி. 'நடுங்காதடி, உன்னைச் சுத்தி நாங்க இருக்கோம்'னா. அவளைப் பாத்து நீங்களும் அடிச்சீங்க. அப்புறம் எல்லா மேட்சுக்கும் அதுவே வழக்கமாச்சு. தலைக்கு மேல, அக்குள் கிட்ட, காலுக்கு நடுவுல, பட்டு பட்டுன்னு... மழைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். நான் கண்ணைத் திறக்குறப்ப நீங்க மைதானத்துக்கு ஓடியிருப்பீங்க.

— ஆமா... உன் பின்னாடி சுவரை நாங்க யாரும் பாத்ததே இல்ல. நீ நின்ன இடம் எதுடி?

— பந்து ஸ்டாண்டு இருக்கே, அந்தப் பக்கம். நான் விளையாட்டை விட்டதும் அதைக் கொண்டாந்து அங்க நிறுத்திட்டாங்க. புதுப் பொண்ணுங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு அடிச்சாங்க.

— ஏங்கம்மா, பேச்சுக்கு நடுவுல வர்றேன்னு நினைக்காதீங்க. அந்த ஸ்டாண்டை நான் காலையிலேயே நகத்திட்டேன். வாசல் பக்கம் அறுத்தா உங்க அக்கா கை ஒண்ணுதான் வரும். ஆனா இந்தப் பக்கம் வந்து பாருங்க.

— என்ன, சுவரு விரிசலா?

— விரிசல் இல்லங்க. கைமேல கையா ஈ நுழைய இடமில்லாம அப்பியிருக்கு. அந்தக் கோணல் சுண்டுவிரல் கூட இங்க நிறைய இருக்கு. நடுவுல மட்டும் ஒரு கை படல, ஒரு பொட்டு அழுக்கு இல்ல. வெள்ளை வெளேர்னு ஒரு ஆளு கையைக் காலை விரிச்சு நிக்குது.

— கதவு... செருப்பைக் கழட்டிட்டு இங்க வாடி. சாஞ்சு நில்லு. கையை விரி. இன்னும் கொஞ்சம். ஐயோ, என் தங்கமே...

— குருவி, முட்டி ஆடுதுடி.

— அசையாதீங்கம்மா. அப்படியே நில்லுங்க, உங்களைச் சுத்தித்தான் கோடு போடணும்.