ஆறாயிரம் கன அடி

பீம்ராவ்: ஜன்னலாண்டயே நின்னுகினு கீற... எட்டிப் பாத்துகினே இருந்தா தண்ணி வந்துடுமா?

ரமாபாய்: யோவ், வந்துட்டியா! இன்னாய்யா, இப்டி நனைஞ்சு கீற? டூட்டி முடியலையே...

பீம்ராவ்: முடிஞ்சிடுச்சி.

ரமாபாய்: வர்ற வழியில வல்லூராண்ட ஆத்தப் பாத்தியா? ஏறி கீதா?

பீம்ராவ்: செவந்து கீது. ஏறல.

ரமாபாய்: ஏறலையா... கொஞ்சங்கூட?

பீம்ராவ்: இன்னாமே இது! ஏறலன்னா சந்தோசப்படணும். உன் மூஞ்சி இப்டிப் போவுது?

ரமாபாய்: காத்தால கரையில கீற அத்தினி பேரையும் நான்தான கெளப்பி இந்த ஸ்கூலு மாடிக்கி இட்டாந்தேன்? 'ஏரி மதகு தொறந்தாச்சு, ஆறாயிரம் கன அடி, பொழுது சாயறதுக்குள்ள நம்ம கரைக்கு வந்துடும்'னு குரூப்புல போட்டதே நான்தான? வரலன்னா...

பீம்ராவ்: வரலன்னா போலீஸ் வரும். டிவில ஓடிகினு கீது, பாக்கல? 'கொஞ்சந்தான் தொறந்து கீறோம். வதந்திய நம்பாதீங்க. பரப்புறவங்க மேல கேஸு.'

ரமாபாய்: பாத்தேன். ஸ்டேஷன்லேர்ந்து போனும் வந்துச்சு. 'அங்கயே இரு, வரோம்'னாங்க.

பீம்ராவ்: பேஜாரு... அந்த ஆறாயிரம் கணக்க யாரு குடுத்தா உனுக்கு?

ரமாபாய்: குரூப்புல... ஒருத்தரு.

பீம்ராவ்: ஒருத்தருன்னா?

ரமாபாய்: பேரு தெர்ல. புது நெம்பரு. நீ ஏன் அத்த நோண்டுற?

பீம்ராவ்: எங்க ஏரி ஆபீஸு என்ஜினீயரு இன்னிக்கி வேலைக்கி வந்த எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சாரு. 'ஆபீஸ் கணக்கு எவன் மூலமா வெளிய போச்சு?'ன்னு.

ரமாபாய்: உன்னையுமா?

பீம்ராவ்: நான் இன்னா அவரு மச்சானா?

ரமாபாய்: விளையாடாத. உங்கிட்ட இன்னா கேட்டாரு?

பீம்ராவ்: கேட்டாரு... வுடு.

ரமாபாய்: இதுல இன்னாய்யா ரகசியம் கீது? எவ்ளோ தண்ணி தொறக்குறீங்களோ அத்த எல்லாரும் பாக்குற மாரி நெட்டுல போடுங்கன்னுதான கேட்டோம்? மனு மேல மனு. கடைசில ஒத்த வரி பதிலு, 'பாதுகாப்பு காரணத்தால தர முடியாது.' யாரு பாதுகாப்பு? போன மழையில சொல்லாம தொறந்து வுட்டு, பக்கத்து வூட்டு தேசப்பண்ணன் கட்டில்லயே முழுகி...

பீம்ராவ்: அத்த இப்ப ஏன்மே எடுக்குற?

ரமாபாய்: வேற எப்ப எடுக்குறது? அவருக்கு காலு வராது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீயும் நானும் தூக்கியாந்திருப்போம். அதுக்கப்புறம்தான் இந்த குரூப்பே ஆரம்பிச்சேன்.

பீம்ராவ்: தெரியும்.

ரமாபாய்: ஒண்ணு சொல்லட்டா... அசிங்கமா நெனைக்காத. இங்க நின்னுகினு, தண்ணி வந்துடணும், வந்துடணும்னு வேண்டிக்கினு கீறேன். நம்ம வூடும் அங்கதான கீது... அது முழுகணும்னு நானே...

பீம்ராவ்: வாய மூடு. குப்பம்மாக்கா வருது.

குப்பம்மா: ரமா, நான் கெளம்புறேன்டீ.

ரமாபாய்: அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்...

குப்பம்மா: காத்தாலேர்ந்து இத்தயேதான் சொல்லிகினு கீற. என் தையல் மிஷினப் போட்டது போட்டபடி வந்துட்டேன். தெருவுல ஒரு சொட்டு காணோம். கெவர்மெண்டே ஒண்ணுமில்லன்னு சொல்லுது.

ரமாபாய்: போன தபாவும் அப்டித்தானக்கா சொன்னாங்க!

குப்பம்மா: உன் மேல எனுக்கு கோவம் இல்ல. ஆனா கீழ் மாடில எல்லாரும் மூட்டைய கட்டிட்டாங்க. நான் எறங்குனா பின்னாடியே வருவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆறாயிரம்னு உனுக்கு யாரு சொன்னா?

ரமாபாய்: அது... குரூப்புல...

குப்பம்மா: ஆளு யாருன்னு கேக்குறேன்.

ரமாபாய்: அக்கா...

பீம்ராவ்: நான்தான் சொன்னேன்.

ரமாபாய்: யோவ்!

பீம்ராவ்: நான் சொன்னேன்க்கா. ஏரியிலதான வேல பாக்குறேன்? ஆறாயிரம் மெய்யாலுமே தொறந்து கீறாங்க. இப்ப எறங்கிப் போனா திரும்பி வர மாட்டீங்க.

குப்பம்மா: போலீசு வந்து கேட்டாலும் இத்தயே சொல்லுவியா?

பீம்ராவ்: சொல்லுவேன்.

குப்பம்மா: அப்ப கீழ வா. என்னாண்ட சொல்லாத, எல்லாராண்டயும் சொல்லு.

பீம்ராவ்: வா, போலாம்.

ரமாபாய்: வேணாம்யா... டேய், பீமு! சொன்னா கேளு!

...

ரமாபாய்: சொல்லிட்டு வந்துட்டியா?

பீம்ராவ்: மூட்டைய அவுத்துட்டாங்க.

ரமாபாய்: எவனோ வீடியோ எடுத்தானே, பாத்தியா?

பீம்ராவ்: எடுத்துகினு போட்டும்.

ரமாபாய்: உன் மூஞ்சி, உன் பேரு, எங்க வேல செய்யிறன்னு... எல்லாத்தையும் நீயே ஒப்பிச்சுட்டு வந்து கீற. தண்ணியும் வரல. ரெண்டு பேரும் உள்ள போவப் போறோம்.

பீம்ராவ்: ஒண்ணாதான போவோம்.

ரமாபாய்: சிரிக்காத.

குப்பம்மா: ரமா! ஏ ரமா! வெளிய பாருடீ!

ரமாபாய்: இன்னாக்கா?

குப்பம்மா: கம்பத்தாண்ட... பழுப்பா... அது ரோடுதான?

பீம்ராவ்: ரோடு இல்லக்கா.

குப்பம்மா: நவுருதே... அய்யோ, எங்க தெரு! என் மிஷினு!

ரமாபாய்: அக்கா, அழுவாத, அழுவாத. எல்லாரும் மேல கீறாங்களா? பசங்க? கெயவிங்க?

குப்பம்மா: கீறாங்க... ஹுமாயூன் பாய்தான் ஆட்டுக்குட்டிய அவுக்கப் போனாரு... தோ, கேட்டாண்ட வராரு. தோள்ல போட்டுகினு வராரு. எல்லாரும் கீறாங்கடீ.

ரமாபாய்: நல்லா பாத்து சொல்லு.

குப்பம்மா: பாத்துட்டேன். ஒருத்தர் பாக்கி இல்ல. நான் போயி பாயிக்கி துண்டு குடுக்குறேன்.

ரமாபாய்: யோவ்... நம்ம வூடு தெரியுதா?

பீம்ராவ்: கூரை ஷீட்டு மட்டும் தெரியுது.

ரமாபாய்: வேண்டிக்கினேனே, பாவி...

பீம்ராவ்: நீ வேண்டிக்கினதால வரல. தொறந்து வுட்டதால வந்துச்சு.

ரமாபாய்: தோ, ஜீப்பு. தண்ணியில சிக்கி நிக்கிது... எறங்குறாங்க. யோவ், அவங்க மேல வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். திட்டு, அடி, எது வோணா பண்ணு.

பீம்ராவ்: சொல்லு.

ரமாபாய்: அந்தக் கணக்க எனுக்கு யாரும் குடுக்கல. உன் போன்லேர்ந்துதான் எடுத்தேன். காத்தால நீ குளிக்கச்சே. இன்னிக்கி மட்டும் இல்ல... குரூப்பு ஆரம்பிச்சதுலேர்ந்தே. உங்க ஆபீஸ்ல உனுக்கு அனுப்புறத நான் திருடிகினு இருந்தேன். உனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களாண்ட சொல்லிடறேன். உன் வேலயாச்சும் மிஞ்சட்டும்.

பீம்ராவ்: வேல காத்தாலயே போச்சுமே. மாசானம் மாட்டக் கூடாதுன்னு, என்ஜினீயரு போனக் கேக்குறதுக்கு முன்னாடியே 'நான்தான்'னு சொல்லிட்டேன்.

ரமாபாய்: மாசானமா? அவரு எங்க வந்தாரு இதுல?

பீம்ராவ்: அவன்தான் பெரிய மதகாண்ட கீறவன். நான் கால்வாய் ஆளு... ஏரி கணக்க எனுக்கு எவன் அனுப்புவான்? தெனம் அவனக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, நீ எடுப்பன்னு தெரிஞ்சுதான், குளிக்கப் போவச்சே போன வெளிய வெச்சுட்டுப் போவேன்.