முதல் தடவையே ஓடிவிட்டது

— ஓடுதா?

— ஓடுது அக்கா.

— அப்புறம் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? ஓடலைன்னாலும் நகத்தைக் கடிக்கிறே, ஓடினாலும் நகத்தைக் கடிக்கிறே. இந்த லேப் ரிசப்ஷன்ல பதினாலு வருஷமா உட்கார்ந்திருக்கேன், எஞ்சினியரம்மா. இது ரத்த ரிசல்ட் வாங்க வர்றவங்க மூஞ்சி.

— முதல் தடவையே ஓடிடுச்சு. அதான் உறுத்துது.

— ஒழுங்கா எழுதியிருந்தா ஓடாதா?

— நான் எழுதின எந்தப் புரோகிராமும் முதல் தடவை ஓடினதா சரித்திரமே இல்லை. ஏதாவது ஒரு ஃபைல் இல்லைன்னு கத்தும். அதை எடுத்து வச்சா இன்னொண்ணு இல்லைன்னு கத்தும். நாலஞ்சு தடவை கத்தித்தான் அடங்கும். இது வாயே திறக்கலை.

— சமத்துப் பிள்ளையா பொறந்திருக்கு. உன்னை மாதிரி இல்லையேன்னு கவலையாக்கும்.

— மேடம், நேரம் ஆகுது. பென் டிரைவ் பதினொண்ணையும் பையில போட்டாச்சு. வண்டியை எடுக்கட்டுமா?

— ஒரு நிமிஷம், டிரைவர் அண்ணா.

— ஒரு நிமிஷம்னு சொல்லி இருபது நிமிஷம் ஆச்சு மேடம். ரத்தம் எடுக்கிற சென்டர் பதினொண்ணு. கடைசி சென்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தவங்க வெறும் வயித்தோட உட்கார்ந்திருப்பாங்க.

— அனுப்பிவிடு எஞ்சினியரம்மா. இனிமே டியூப்ல யாரும் கையால பேர் எழுதக் கூடாதுன்னு காலையிலேயே எல்லா சென்டருக்கும் சொல்லிட்டேன். போன மாசம் அவங்க கிறுக்கின கிறுக்கல்ல, சர்க்கரை வியாதியே இல்லாத மனுசன் ரெண்டு வாரம் கசப்புக் காப்பி குடிச்சாரு. வியாதி இருக்கிறவரு ரெண்டு வாரம் கேக்கா வாங்கித் தின்னாரு.

— சரி, கிளம்புங்க அண்ணா. பென் டிரைவைச் சொருகி ரெண்டு தட்டு தட்டினா லேபிள் அடிச்சு வரும்.

— வரலைன்னா?

— வரும்.

— வரலைன்னா என்ன செய்யணும்னு கேட்டேன். நேரம் ஆகுதுல்ல.

— எனக்குப் போன் பண்ணுங்க.

— போயிட்டாரு மனுசன். இப்ப சொல்லு, வீட்ல ஏதாவது சண்டையா?

— அக்கா.

— கேட்கக் கூடாதா? புருஷனும் பொண்டாட்டியும் ஒரே கம்பெனி. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு வழி சொல்றீங்க. ஊரே பேசுது.

— ஊர்னா நீங்கதானே?

— என்னையும் சேர்த்துத்தான். சொல்லு.

— அவர் டீம் சொல்றது, எல்லா சென்டருக்கும் புது கம்ப்யூட்டர் வாங்கி, பெரிய சர்வர் சாஃப்ட்வேரை முழுசா ஏத்தணும்னு. நான் சொல்றது, ஒரு லேபிள் அடிக்க அவ்வளவு எதுக்கு, பழைய கம்ப்யூட்டரே போதும்னு. ஒரு சின்ன ஜாவா புரோகிராம். அதுக்கு வேண்டிய ஃபைல்களை மட்டும் கூடவே கட்டி அனுப்பினா தானா ஓடும்.

— அவரு வீட்டையே லாரியில ஏத்துற ஆளு, நீ ஒரே பையோட கிளம்புற ஆளு.

— அவ்வளவுதான். இன்னைக்குப் பதினோரு சென்டர்லயும் ஓடிட்டா வேலை எனக்கு. முதல் தடவையா என் பேர்ல ஒரு டீம். ஒரே ஒரு சென்டர்ல ஓடலைன்னாலும் மொத்தமும் அவர் டீமுக்குப் போயிடும். மேனேஜர் எழுதியே அனுப்பிட்டார்.

— அதை உங்க ஆபீஸ்லயே ஓட்டிப் பார்க்க வேண்டியதுதானே? என் உயிரை எதுக்கு வாங்கறே?

— அங்க எல்லாத்துலயும் அந்தப் பெரிய சர்வர் இருக்கு. நான் கட்டின பையில ஏதாவது ஃபைல் குறைஞ்சா, புரோகிராம் சத்தமில்லாம அதுகிட்ட இரவல் வாங்கிக்கும். குறை வெளிய தெரியாது. உங்க ரிசப்ஷன் கம்ப்யூட்டர்தான் சென்டர்ல இருக்கிற மாதிரியே வெறும் கம்ப்யூட்டர்.

— எதையும் மரியாதையாச் சொல்லத் தெரியாதா உனக்கு?

— இருங்க, ஒண்ணு செஞ்சு பார்க்கிறேன். லேபிள்ல பார்கோடு கோடு போடுற ஃபைலை நானே பையிலிருந்து வெளிய எடுத்துடறேன். இது இல்லாம புரோகிராம் ஓடவே கூடாது.

— ஓடறதைப் போய் ஏன் நோண்டறே? அங்க பாரு, பிரின்டர் சத்தம். லேபிள் வந்திடுச்சு. கோடு கூட லட்சணமா இருக்கு.

— வரக் கூடாது அக்கா.

— வந்தாலும் தப்பா?

— இரவல் வாங்கியிருக்கு. இதுல யாரோ கை வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை நானே பார்த்தேன், சுத்தமா ஒண்ணுமில்லை.

— நான் தினமும் துணி போட்டுத் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

— துடைச்சா சர்வர் வராது. இதோ இருக்கு பாருங்க, முழுசா. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சேகாலுக்கு ஏத்தியிருக்காங்க. என் புரோகிராம் அதுகிட்ட போய் எடுத்துக்க வழியும் காட்டிவிட்டிருக்காங்க. சரி, நான் எடுத்த ஃபைலைத் திருப்பி வச்சுட்டேன். சர்வரைக் கழட்டிட்டேன். இப்ப ஓட்டறேன்.

— சிவப்புச் சிவப்பா என்னவோ எழுதுது.

— கத்துது. தேதி அடிக்கிற ஃபைல் இல்லையாம். என் தப்புதான், பையில வைக்க விட்டுட்டேன். காலையிலேயே கத்தியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. இப்ப பதினொண்ணும் குறையோட போய்க்கிட்டிருக்கு. என் போன் எங்க? ஹலோ, டிரைவர் அண்ணா, எங்க இருக்கீங்க?

— பெட்ரோல் பங்க்ல மேடம். எனக்கு முன்னாடி ஆறு வண்டி.

— அப்படியே திரும்பி வந்துடுங்க. ஒரு பென் டிரைவையும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க.

— நேரம் ஆகுதுன்னு நான் சொல்றது யார் காதுலயாவது விழுதா? வர்றேன்.

— ஆறு வண்டி புண்ணியத்துல தப்பிச்சே போ.

— சனிக்கிழமை யார் வந்தாங்க அக்கா?

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— நீங்க சத்தியத்தைக் காப்பாத்தி நான் பார்த்ததே இல்லை.

— அதுவும் வாஸ்தவம்தான். வேற யாரு, உன் வீட்டுக்காரர்தான். ஒரு மணி நேரம் இதே நாற்காலியில உட்கார்ந்தாரு. 'அவ நாலு நாளா தூங்கலை. இங்க ஓடலைன்னா உடைஞ்சு போயிடுவா. ஒரு சின்ன உதவி பண்றேன், அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. என் வீட்ல ஒண்ணு இருக்கே, எனக்காக ஒரு பல்பு மாட்டினதில்லை.

— லூசு. பள்ளத்தைப் பார்த்து நான் பயந்துடக் கூடாதுன்னு என் கண்ணைக் கட்டிவிட்டிருக்கார்.

— பாசம் வந்தா ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்மா, மூளை லீவு போட்டுடும்.

— அதான் ரெண்டு நாளா அவ்வளவு நல்லவரா இருந்தார். காலையில என் துணியைக் கூட இஸ்திரி போட்டு வச்சிருந்தார். நான்தான் முகம் கொடுத்துப் பேசலை. சரி, தேதி ஃபைலை வச்சாச்சு. சர்வர் இல்லாமலே ஓட்டறேன்.

— வருது, வருது. தேதியும் இருக்கு, கோடும் இருக்கு.

— இதுதான் அக்கா நிஜமா ஓடறது. பதினொண்ணுலயும் மாத்திக் கொடுத்துட்டா ஆச்சு. சாயங்காலம் போய் முதல்ல அவர் காதைத் திருகறேன். அப்புறம் ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்.

— சொல்லு, சொல்லு. நான் கூட அன்னைக்கே கேட்டுட்டேன், இந்தச் சத்தியம் சாகிற வரைக்குமா, என்னால முடியாதுப்பான்னு. 'சேச்சே, வண்டி பதினோரு சென்டருக்கும் போய்ச் சேரட்டும், அதுக்கப்புறம் தாராளமா அவகிட்டயே சொல்லுங்க'ன்னாரு.