தண்ணி வந்துருச்சு

பட்டுக்கோட்டையில் தேங்காய் உரிக்கும் வேலையை விட்டு, மன்னார்குடி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளங்கை கிழிந்திருந்தது. பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு வயதான விவசாயிகள். ஒருவர் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து நீட்டினார்.

“இந்தா மச்சான், ஒம் புஸ்தகம். பாதிதான் படிச்சேன்.”

வாங்கியவர் சிரித்தார். “எதைத்தான் நீ முடிச்ச? கடைமடைக்குத் தண்ணி வராத மாதிரி ஒனக்குக் கடைசிப் பக்கம் வரவே வராது மாப்ள.”

“எங்க முடிக்கிறது? தண்ணி வந்துருச்சு, வாங்கன்னு வயல்லேருந்து வீட்டுக்காரி கூப்பிடுவா. முறை வச்சு விடுற தண்ணி நமக்காக நிக்குமா? மூடி வச்சிட்டு ஓடுவேன்.”

“இப்பதான் வயல்ல போர்வெல் போட்டாச்சே. எந் தங்கச்சியும் போய்ச் சேந்துருச்சு. இன்னும் யாரு கூப்பிடுறா?”

“யாரும் இல்ல. ஆனா பாதி வந்தா காது தானா வயப்பக்கம் போயிருது. அதுக்குமேல எழுத்து ஏற மாட்டேங்குது.”

புத்தகத்தை வாங்கியவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேருந்து வந்ததும் எழுந்தார்.

“சாயங்காலம் வீட்டுக்கு வா. மீதிய நான் படிக்கிறேன், நீ கேளு. கூப்பிட்டாங்கன்னா நான் போயி மடையத் தொறந்துவிடுறேன்.”

மறுநாள் காலை அடுத்த ஊரில் எனக்கு வேலை கிடைத்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்து, தண்ணீர் வந்ததும் வயல்காரருக்குக் குரல் கொடுக்க வேண்டும்.