மாடியில் கிராமபோன்

...தண்ணியா? அத ஏன் கேக்குறீங்க சேரன் சார். மோட்டர் போட்டா மொதல்ல காத்துதான் வரும். அப்பறம் செவப்பா ஒண்ணு சொட்டும். அதுல பல்லு தேய்க்கலாமா வேணாமான்னு நீங்க யோசிக்கறதுக்குள்ள உங்க பேங்க்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துரும். படிய பாத்து வாங்க.

புரோக்கர் வேற மாதிரி சொல்லியிருப்பாரு. எங்க வீட்டம்மா அம்சம் சொல்லிக்குடுத்தது. டீச்சராச்சே, பாடம் நல்லா நடத்துவா.

ஒழுகுறதா? மழ பேஞ்சா மட்டுந்தான். ஐப்பசில வீட்டுக்குள்ளயும் கொட புடிக்கணும், அவ்வளவுதான். தோ, சுவத்துல ஓதம்... தொட்டுப் பாருங்க, சொதசொதன்னு இருக்கா? கொரங்கு வேற. போன மாசம் காயப்போட்ட என் பனியன ஒண்ணு மாட்டிக்கிட்டு தெப்பக்குளத்துப் பக்கம் திரிஞ்சிது. எனக்கு வணக்கம் வக்கிறவரு அதுக்கும் வச்சிட்டு வந்து, 'எளச்சிட்டீங்களே'ங்கறாரு.

இதுதான் ஹால். கால் வக்க எடம் பாத்து வைங்க. எல்லாம் கிராமபோன்தான் சார், நான் சேத்தது. இதுங்கள ஒழிச்சிட்டு ஆள குடி வக்கணுங்கறா அம்சம். கீழ கொண்டாந்தா, ஒண்ணு அதுங்க இல்ல நானுங்கறா. 'அதுக்காவது சாவி குடுத்தாத்தான் பேச்சு வரும், எனக்கு அதுகூட வேணாம்'னு அவளே சொல்லுவா. நேர்மையான பொம்பள. நீங்க குடி வந்தீங்கன்னா இது அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான். அதுக்காக உங்கள வரவேணாங்கல... உள்ளத சொல்றேன்.

இதுல ஒண்ணுதான் இல்ல. தட்டு வர்றதுக்கு முந்தி, மெழுகு உருளைல பாடுமே, அந்த போனோகிராஃப். கும்மோணத்துல ஒரு பித்தளக் கட விடாம தேடிட்டேன். பாபநாசத்துல ஒரு வீட்டுல அதோட ஊதுகொழா மட்டும் கெடந்துது. அதக் கவுத்து வச்சி சாக்குல வெதநெல்லு கொட்டிக்கிட்டிருக்காங்க. கேட்டா, 'நல்லா எறங்குது தம்பி'ங்கறாங்க. எந்த மகராசனோ பாடுன வாயி, பொன்னி நெல்ல துப்பிக்கிட்டிருக்கு.

என்ன சார்?

உங்ககிட்டயா? உருளையோடயா? ...பாடுதா?

உக்காருங்க சார். மாமனாரு குடுத்ததா? எனக்கும் ஒருத்தர் குடுத்தாரு, மிக்ஸி. குடி வர்றப்பவே கொண்டாந்துருங்க. ஹால் பூரா ஒழிச்சிர்றேன். இதுங்கள... எங்கயாவது போடறேன், எங்கூட கட்டில்ல போட்டுக்கறேன். சாயங்காலம் சாயங்காலம் வந்து ஓரமா குந்திக் கேட்டுட்டுப் போயிருவேன், காப்பிகூட கேக்கமாட்டேன்.

தண்ணி கொட்டும் சார், குளிச்சி மாளாது. கொரங்கு... அது ஒண்ணே ஒண்ணுதான், வயசாயிருச்சி.

ஓதமா? ஆமா, மெழுகுல ஈரம் பட்டா பூசணம் பூத்துரும், எனக்குத் தெரியாதா. ஒருதடவ பூத்தா உள்ள இருக்கற பாட்டு அத்தோட போச்சு. ஆனா இது ஒழுகுற வீடு இல்ல சார். அந்தச் சுவத்துல நாந்தான் காலைல ஒரு கொடம் தண்ணி ஊத்துனேன்... சிரிக்காதீங்க, சத்தியமா. வேணுன்னா நாளைக்கு வந்து பாருங்க, காஞ்சிருக்கும்... யோசிச்சி சொல்றேன்னா எப்ப சொல்லுவீங்க? சார்... சார்...

அம்சம். ஏ அம்சம், வாசல்ல அவர நிறுத்து. மாடி ஒழுகாதுன்னு நீ சொல்லு, நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு. நாந்தான் தண்ணி ஊத்துனேன்னு சொல்லு... ஆமா, நாந்தான். இதுக்கு முந்தி வந்தவங்களுக்கும் நாந்தான் ஊத்துனேன். என்னைய அப்பறம் திட்டு, மொதல்ல வண்டிய எடுக்கறதுக்குள்ள அவரப் புடி.