அண்ணனல்லன்

சத்தமாகப் படிக்கிறவன் குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டை இறுகிவிடும். வெதுவெதுப்பான நீரை ஒரு மிடறு வாயில் வைத்திருந்து பிறகு விழுங்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. பத்துப் பக்கத்திலேயே குரல் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் கொடுத்த தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அதனால்தான் குடிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை ஐயா.

என் தம்பி மருத்துவமனையில் நர்ஸிடம் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைக் கேட்டுப் பயனில்லை. மூடி திறக்காத மீட்டரை வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பது போலத்தான்.

மீட்டர் என்று வாயில் வருவது பழக்க தோஷம். மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பதுதான் என் வேலை. வீடு வீடாகப் போய் எண்ணைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். என் பணிக்காலம் முழுவதும் ஓர் எண்ணைக்கூட மாற்றிப் படித்ததில்லை. விசாரித்துப் பாருங்கள். அப்பா போன பிறகு நான் படிப்பை விட்டு இந்த வேலைக்குச் சேர்ந்தேன், தம்பி படித்தான். வீட்டில் ஒரு விளக்குக்குத்தான் எண்ணெய் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பழைய புத்தகங்களைப் பற்றிப் பேசுவதிலும் எழுதுவதிலும் பெரிய பெயர் எடுத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கும் யாரும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம். சர்க்கரை வியாதி அவன் கண்ணைத் தின்று தீர்த்தபோது, அவனுக்குப் படித்துக் காட்ட என்னை விட்டால் யார்?

வேலை முடிந்து வந்ததும் படிக்க உட்காருவேன். பயண நூல், போர்க்கதை, வைத்தியம், வானியல், நாடகம், துப்பறியும் கதை, சமையல் புத்தகம்கூட. பழசாக இருந்தால் போதும், அவனுக்கு எல்லாமே விருந்து. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூச்சு இருக்கிறது. பயண நூலில் ஆறு வந்தால் நிறுத்த வேண்டும். எழுதியவன் அங்கே படகுக்குக் காத்திருந்திருப்பான். நகைச்சுவை நாடகத்தில் படிக்கிறவன் முந்திக்கொண்டு சிரிக்கக் கூடாது. துப்பறியும் கதையில் குற்றவாளி முதன்முதலில் வரும்போது குரல் சற்றும் மாறக் கூடாது. மாறினால் தம்பி உடனே, “இவன்தானா?” என்று கேட்டுவிடுவான்.

எல்லாவற்றிலும் கஷ்டம் சொல் பிரிப்பது. பழைய அச்சில் சொற்களை இடைவெளி விடாமல் சேர்த்தே போட்டிருப்பார்கள். ஒரு ராஜா கதையில், கோட்டை வாசலில் வந்து நிற்கும் புதியவனைப் பார்த்துக் காவலன் “அரசனல்லன்” என்கிறான். நான் “அரசன் நல்லன்” என்று படித்துவிட்டேன். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அரசன் அல்லன்னு படிண்ணா. அவன் ராஜாவே இல்ல, வேஷம் போட்டு வந்தவன்.”

பிறகு விளக்கினான். நல்லன் என்பதைச் சேர்த்தாலும் அரசனல்லன், அல்லன் என்பதைச் சேர்த்தாலும் அரசனல்லன். நல்லனின் ‘ந’ ‘ன’வாகி, முன்னால் நிற்கும் ‘ன்’ போய்விடுகிறது. எழுத்தில் வித்தியாசம் கிடையாது. நல்லவன் என்பதும், அவனே இல்லை என்பதும் ஒரே சொல்.

“இடம் பாத்துத்தான் பிரிக்கணும். கண்ணு இருக்கிறவன் திரும்பிப் பாத்துக்கலாம். என் கதி, நீ பிரிச்சதுதான்” என்றான்.

அது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் டீ கொண்டுவந்து கையில் வைத்தால், “அண்ணனல்லன்” என்பான். “எப்படிப் பிரிக்கிறது?” என்று கேட்பேன். “சூடு எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்பான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்தது என் தப்பு இல்லை. துப்பறியும் கதை ஒன்றின் கடைசித் தாள்களைப் பூச்சி அரித்திருந்தது. தம்பியோ நாற்காலி விளிம்புக்கே வந்துவிட்டான். முடிவு இல்லை என்று எப்படிச் சொல்வது? நானே சொன்னேன். சமையற்காரன் மேல் பழியைப் போட்டேன். முடித்ததும் தம்பி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். “ம்” என்றான். அந்த “ம்”மை இரண்டு நாள் மனத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இளமையில் நானும் ஒரு கதை எழுதினேன் ஐயா. அவன் அப்போது கல்லூரியில் இருந்தான். படித்துவிட்டு, “உனக்கு எழுத வரலண்ணா. மீட்டர்ல இருக்கிறதப் படி, அதுக்கே ஒரு நேர்மை வேணும்” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருத்தமெல்லாம் எனக்கில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பயண நூல். அதன் கடைசிப் பக்கங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் என்னிடம் இருந்தது இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கேட்கிறவன் சொற்களை மட்டும் கேட்பதில்லை, தாள் புரளும் சத்தத்தையும் கேட்கிறான். நாமாக ஒரு பக்கம் சொல்லும்போது தாளைத் தொடாமல் இருந்துவிட்டு, பிறகு இரண்டைச் சேர்த்துத் தள்ளினால் மாட்டிக்கொள்வோம். அச்சுத்தாள் எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம்தான் நம் சொந்தச் சரக்கும் பிடிக்க வேண்டும். ஆசிரியனுக்குப் பிடித்த சொற்கள் நாலைந்து இருக்கும், அவற்றை ஆங்காங்கே தூவ வேண்டும். நான் நன்றாகத் தேறிவிட்டேன். பிறகு எந்தப் புத்தகத்துக்கும் அச்சிலிருந்த முடிவை நான் படிக்கவில்லை. போர்க்கதையில் தோற்றவனை ஜெயிக்க வைத்தேன், நாடகத்தில் பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் தம்பி “ம்” என்றான். எத்தனை மேதைகளின் பெயரில் எனக்கு அந்தப் பாராட்டு கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள்.

பகலில் பதிப்பாளர் அனுப்பிய தட்டச்சர் வந்து, தம்பி சொல்லச் சொல்ல ஒரு புத்தகத்தை அடித்துக்கொண்டு போனார். நான் அந்நேரம் யாரோ ஒருவர் வீட்டுப் படிக்கட்டின் கீழே மீட்டர் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியீட்டு விழாவில்தான் தெரிந்தது.

புத்தகத்தின் முக்கியமான கட்டுரை, பழைய ஆசிரியர்களுக்குக் கடைசிப் பக்கங்களில் கை தளர்ந்துவிடும் என்பது. எப்பேர்ப்பட்ட எழுத்தாளனும் முடிவில் சப்பென்று முடித்துவிடுகிறான் என்று, உதாரணத்துக்கு மேல் உதாரணமாக அடுக்கியிருந்தான். அத்தனை உதாரணங்களும் என்னுடையவை.

பேச வந்த பேராசிரியை மரியாதையாகத்தான் தொடங்கினார். பிறகு அந்தப் பயண நூலை விரித்து, அச்சிலிருந்த முடிவை வாசித்தார். அடுத்து நாடகம். அவர் மூன்றாவது புத்தகத்தை எடுக்கும்போது மண்டபத்தில் சிரிப்பு பரவியிருந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒருவர், “கண்ணு மட்டுந்தான் போச்சுன்னு நெனச்சோம்” என்றார். தம்பி மேடையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பு வந்த பக்கமாக முகத்தைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருந்தான். படித்துக் காட்டியது யார் என்று அவன் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அது அவன் இஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் பயண நூலை எடுக்கச் சொன்னான். கடைசித் தாள்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “படி. இருக்கிறபடி படி” என்றான். படித்தேன். ஊர் திரும்பியவன் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே கேட்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதோடு புத்தகம் முடிகிறது. தம்பி அழுதான் ஐயா. என் முடிவுகளுக்கு ஒரு தடவைகூட அவன் அழுததில்லை.

“மத்ததெல்லாம்?” என்று கேட்டான்.

“எல்லாம் நான்தான்.”

“அந்த இடமெல்லாம் வரும்போது ஆசிரியருக்கு வயசாயிடுச்சு போலன்னு நெனச்சுக்குவேன்” என்றான். “பாவம், ஓஞ்சுபோயிட்டாருன்னு மன்னிச்சு விட்டுடுவேண்ணா.”

திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. பேராசிரியையின் மாணவி ஒருத்தி மறுநாள் சாயங்காலம் முதல் வந்து படிப்பாள், எல்லாப் புத்தகத்தையும் முதலிலிருந்து தொடங்கப் போகிறார்கள், இனிமேல் எனக்குச் சிரமம் வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து என்னைத் துடைத்து எடுத்துவிடுவாள். அவன் நினைவில் மட்டும்தான் என் எழுத்து இருந்தது. வேறு பிரதி கிடையாது.

மறுநாள் காலை அவனுக்கு இருமல். மருந்து கேட்டான். அலமாரியில் இருமல் மருந்தும், முழங்காலுக்குத் தேய்க்கும் தைலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே உயரப் புட்டி. நான் தைலத்தை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன். ‘உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான். அந்த வாடை உங்களுக்குத் தெரியும், அடுத்த அறை வரைக்கும் அடிக்கும்.

“இது குடிக்கிறதாண்ணா?”

“குடிக்கிறதுதான்.”

“லேபிள்ல என்ன போட்டிருக்கு? இதையாவது இருக்கிறபடி படி.”

“இருமலுக்குன்னு போட்டிருக்கு. ஒரே மூச்சுல குடிக்கணும்.”

அவன் என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். பிறகு குடித்தான். கண் இல்லை, சரி. மூக்கு இருந்ததே. இந்த விஷயத்தில் அவனை நான் ஏமாற்றினேன் என்று நீங்கள் எழுதினால், அவன் மூக்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் அவன் காதருகே குனிந்து, “கூட வந்திருக்கிறவரு யாரு? உங்க அண்ணனா?” என்று கேட்டாள். தொண்டை வெந்திருந்தது. இருந்தாலும் சொன்னான், ஒரே சொல்லாக, பழைய அச்சு மாதிரி.

“அண்ணனல்லன்.”

கூட வந்தவர் அண்ணன் இல்லை என்கிறாரே என்று அவள் உங்கள் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு இலக்கணம் தெரியாது. நான் கட்டிலருகே உட்கார்ந்து, எப்போதும் போல, “எப்படிப் பிரிக்கிறது?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அப்படியே உயிர் போய்விட்டது.

ஆனால் அவனுக்கு இத்தனை காலம் சொல் பிரித்துக் கொடுத்தவன் நான். இடம் பார்த்துப் பிரிக்க எனக்குத் தெரியும். அண்ணன் நல்லன். அதைத்தான் அவன் சொன்னான். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நடுவில் இடம் விட்டு எழுதுங்கள்.